பக்கத்து வீட்டுக்குப் போன பால்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது என் கல்யாணம் நின்றுபோனது. அது மாப்பிள்ளைக்குத் தெரியாது. நிச்சயமானதே தெரியாதவனிடம், நின்றுபோனதைப் பற்றி என்ன சொல்ல?

சிங்கப்பூரில், ஈசூனில் எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்தான். என்னைவிட மூன்று வயது மூத்தவன். எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே பூப்பந்து ஆடும்போது பந்து மேலே குழாயில் சிக்கிக்கொண்டால், ஓடிவந்து ஒரே எம்பில் மட்டையால் தட்டி எடுத்துவிடுவான். ஒரு கணவனிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? அவர்கள் முஸ்லிம்கள், நாங்கள் கத்தோலிக்கர்கள் என்பதெல்லாம் அந்த எம்புக்கு முன்னால் எனக்கு ஒரு விஷயமாகவே தோன்றவில்லை.

அந்த வருடம் இரண்டு வீட்டிலும் குழந்தை பிறந்தது. என் தம்பி பிறக்கும்போதே குண்டு. குடித்தான், தூங்கினான், எழுந்து மறுபடி குடித்தான். அப்படியும் அம்மாவுக்குப் பால் மிஞ்சியது. மிஞ்சியதைப் பைகளில் அடைத்து ஃப்ரீசரில் அடுக்கி வைத்தார். என் ஐஸ்கிரீமுக்கு அங்கே இடமில்லாமல் போனது.

பக்கத்து வீட்டுக் குழந்தை, அதாவது மாப்பிள்ளையின் தம்பி, நாள் நிறையும் முன்பே பிறந்துவிட்டது. பிரசவத்தில் ஆன்ட்டி பிழைத்ததே பெரிய காரியம் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். அவருக்குப் பால் வரவில்லை. பல வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுக் குழந்தை வீட்டுக்கு வந்தது. மாவுப்பால் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. வயிறு உப்பியது, குடித்ததெல்லாம் வெளியே வந்தது. ஏற வேண்டிய எடை இறங்கியது. இப்படியே போனால் மறுபடி சேர்க்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெயர் தெரியாத தாய்மார்கள் தானமாகத் தந்த பாலைக் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். யாருடைய பால் என்று தெரியாமல் எப்படி என்று அங்கிள் தயங்கினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அங்கிள் வந்தார். கையில் முர்தபா ரொட்டிப் பொட்டலம். முழுக்கைச் சட்டையில் கழுத்துவரை பட்டன். பக்கத்து வீட்டுக்கு வருகிறவர் அப்படி வர மாட்டார்.

“தங்கச்சி, கேக்கறதுக்கு ஒரு மாதிரியாத்தான் இருக்கு,” என்று அம்மாவைப் பார்க்காமல் டிவியைப் பார்த்துச் சொன்னார். டிவி ஓடவில்லை. “உங்களுக்குப் பால் மிஞ்சுதுன்னு வீட்ல சொன்னாங்க. புள்ளைக்குக் கொஞ்சம் குடுக்க முடியுமா?”

“இதுக்கா அண்ணே இவ்ளோ யோசிச்சீங்க?” என்று அம்மா எழுந்தே விட்டார்.

“இருங்க, இருங்க. எங்க மார்க்கத்துல ஒரு முறை இருக்கு. உங்க பாலைக் குடிச்சா நீங்களும் அவனுக்குத் தாய். உங்க புள்ளைங்க அவனுக்குக் கூடப்பொறந்தவங்க. நாளைக்குக் கல்யாணம் அது இதுன்னு பேச முடியாது. இதச் சொல்லிட்டுத்தான் வாங்கணும்.”

அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். “இவளுக்கு ஒம்பது வயசு. உங்க புள்ளைக்கு இன்னும் கழுத்தே நிக்கல. நாங்க ஒண்ணும் அவசரப்படல லா.”

பெரியவர்கள் மூன்று பேரும் சிரித்தார்கள். அங்கிள் அந்த மாதத்தில் முதல்முறையாகச் சிரித்திருப்பார். பின்னக் கணக்கு செய்துகொண்டிருந்த நான் சிரிக்கவில்லை. நான் போட்ட கணக்கு வேறு. அந்தக் குழந்தை எனக்குத் தம்பி என்றால், தம்பியின் அண்ணன் எனக்கும் அண்ணன். எப்படிப் போட்டாலும் அதே விடைதான் வந்தது.

அம்மாவின் ரத்தத்தைப் பரிசோதித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். முடிவு வரும்வரை எனக்கு ஒரு நப்பாசை இருந்தது. அம்மாவின் ரத்தத்தில் ஆபத்தில்லாத, சின்னக் குறை ஏதாவது இருந்துவிடக் கூடாதா? மாதாவிடம்கூட வேண்டிப் பார்த்தேன். ரத்தம் சுத்தமாக இருந்தது.

முதல் நாள் பாலை எடுத்துக்கொண்டு அம்மா போனபோது நானும் கூடப் போனேன். அப்போதுதான் அந்தக் குழந்தையைக் கிட்டத்தில் பார்த்தேன். என் தம்பியின் சட்டை அவனுக்குப் போர்வையாகும். காது மெழுகில் செய்ததுபோல் இருந்தது. முகம் கோணி, வாய் திறந்து அழுதான். சத்தம் வரவில்லை. அழுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் ஒருவர் இருக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. நான் அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு, சரி, குடிச்சுக்கோ என்று மனதுக்குள் சொல்லி, அந்தக் கல்யாணத்தை விட்டுக்கொடுத்தேன்.

அவனால் புட்டியில் உறிஞ்ச முடியவில்லை. நாலு தடவை உறிஞ்சினாலே களைத்துத் தூங்கிவிடுவான். ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்து, சின்னக் கிண்ணத்தில் கொடுங்கள் என்று சொல்லிப் பழக்கிவிட்டுப் போனார். அப்பாவும் அங்கிளும் தேக்கா கடைத்தெருவுக்குப் போய், பாத்திரக்கடையில் பாலாடை ஒன்று வாங்கிவந்தார்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற, மூக்கு வைத்த கிண்ணம் அது. ஆன்ட்டி குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, பிஸ்மி சொல்லி, அதன் மூக்கை அவன் உதட்டில் வைப்பார். ஊற்ற மாட்டார். சும்மா வைத்துக்கொண்டிருப்பார். நாக்கு பூனைக்குட்டியின் நாக்குபோல் வெளியே வந்து பாலைத் தொடும். ஒரு மிடறு இறங்கும். பிறகு ஓய்வெடுப்பான். நாங்களும் மூச்சுவிடுவோம்.

பள்ளி விட்டு வந்ததும் பாலைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலையானது. பத்தடி தூரம்தான். நான் நற்கருணை வாங்கப் போகிறவள்போல் இரண்டு கையாலும் புட்டியைப் பிடித்து, மெதுவாக நடந்து போவேன். ஒருநாள் வாசலிலேயே மாப்பிள்ளை எதிரே வந்தான். சொல்லிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன்.

“இனிமே நீங்க எனக்கு அண்ணன்,” என்றேன்.

அவன் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, “ஓகே லா,” என்றான். “அப்ப அண்ணன் சொல்றேன், மட்டைய எடுத்துட்டு கீழ வா. ஆள் பத்தல.”

போனேன். அன்றைக்கு நன்றாகவே ஆடினேன்.

பால் உறவு குடித்த குழந்தையோடு நின்றுவிடும், அவனுடைய அண்ணனை அது கட்டுப்படுத்தாது என்று தெரிந்தபோது எனக்கு இருபது வயது தாண்டிவிட்டது. ஆன்ட்டியே சொன்னார். ஏன் கேட்கிறாய் என்று அவர் கேட்டபோது, சும்மாதான் என்றேன். அந்த அண்ணன் அதற்குள் தெம்பனிஸில் பெண் பார்த்து முடித்திருந்தான். அந்தக் கல்யாணத்தில் பிரியாணியை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன். குழந்தையாக இருந்தவன் இப்போது கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். எங்கள் வீட்டுக்கு வந்தால் கேட்காமலே ஃப்ரிட்ஜைத் திறப்பான். அம்மா ஒன்றும் சொல்ல மாட்டார்.

எனக்குப் புரியாமல்போனது இன்னொன்றும் உண்டு. அந்த வருடமே, அவன் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்து, அழுகை எங்கள் வீடுவரை கேட்கத் தொடங்கியிருந்த சமயம். ஒரு மத்தியானம் ஆன்ட்டி எங்கள் கதவைத் தட்டினார். முக்காடு தோளில் நழுவிக் கிடந்தது. செருப்புப் போடவில்லை. கையில் ஒரு புட்டி. அம்மா அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“உங்களோடதா?” என்றார்.

ஆமாம் என்று ஆன்ட்டி தலையை ஆட்டினார். அவ்வளவுதான், இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் எட்டிப் பார்த்தேன். புட்டியின் அடியில் ஒரு ஸ்பூன்கூடத் தேறாது. இவ்வளவுதான் வந்தது என்றுதான் ஆன்ட்டி அழுகிறார் என்று நினைத்தேன். எனக்குப் பாவமாக இருந்தது. ஓடிப்போய் ஃப்ரீசரை அகலத் திறந்து, உள்ளே அடுக்கியிருந்த பைகளைக் காட்டினேன்.

“கவலப்படாதீங்க ஆன்ட்டி. எங்ககிட்ட நிறைய இருக்கு.”

அவர்கள் இருவரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். கதவை மூடு, குளிர் போகுது என்றார் அம்மா. நான் மூடவில்லை. ஆன்ட்டி இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்று எனக்குத் தோன்றியது.