பின்னால் நகராத கால்

எனக்குத் தெரிந்த வேலை, எண்ணெய் எடுக்கும் செம்பனையில் குலை வெட்டுவது. ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டம். என் அப்பா காலத்தில் அது ரப்பர் எடுக்கும் பால்மரக் காடு. நீளமான கம்பு, நுனியில் அரிவாள். குலை அறுபடும்போதே பின்னால் நகர்ந்துவிட வேண்டும். நகராதவன் மேல் விழும். இருபது வருஷத்தில் அது காலில் ஊறிப்போயிருந்தது.

என் தங்கைக்குக் கண் தெரியாது. ஈப்போவில், சிலிபின் பக்கம் இருக்கிறாள். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நீச்சல் குழுவில் நீந்துகிறாள். கண் தெரியாதவர்களுக்குச் சுவர் வருவது தெரியாது. குளத்தின் இரண்டு முனையிலும் ஆள் கம்போடு நிற்க வேண்டும். கம்பு நுனியில் பஞ்சு உருண்டை இருக்கும். சுவருக்குச் சற்று முன்னால் தலையில் தட்டினால் திரும்பிக்கொள்வார்கள். ஒரு முனையில் கோச். மறுமுனைக்கு ஆள் தேடினார்கள்.

"கம்பு பிடிக்க எங்க அண்ணன விட யாரு இருக்கா?" என்று சொல்லிவிட்டாள். நான் லீவு போட்டுப் போனேன்.

முதல் வாரமே தப்பு நடந்தது. வேகமாக வந்தாள். என் கை முன்னால் நீண்டது. கால் தானாகப் பின்னால் போனது. கம்பு எட்டவில்லை. தலை சுவரில் மோதிய சத்தம் கேட்டது. நெற்றியில் நாலு தையல்.

வேறு ஆள் பார்க்கலாம் என்றார் கோச். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஏண்ணே நகர்ந்த?"

"குலை விழுற பழக்கம்."

"நான் என்ன குலையா?" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சோறும் இறங்கவில்லை.

தையல் ஆறும்வரை அவள் கரையில் உட்கார்ந்து என் குதிகாலைப் பிடித்துக்கொண்டாள். குழுவில் கண் தெரியாத இன்னொருவர் உண்டு, தைப்பிங்கைச் சேர்ந்த மலாய்க்காரர். அவர் நீந்தி வருவார், நான் தட்ட வேண்டும். ஒரு கையை முன்னால் நீட்டிக்கொண்டு மெதுவாகத்தான் வருவார். என்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. என் குதிகால் எழுந்தால் இவள் கெண்டைக்காலில் அடிப்பாள்.

"தூக்கிட்ட லா!"

"இல்ல."

"பொய் சொல்லாத. என் கையில தெரியுது."

பத்து நாள் அடி வாங்கினேன். பதினோராம் நாள் அவள் கை சும்மா இருந்தது. தைப்பிங்காரரும் கையை நீட்டாமல் வந்தார்.

போட்டி கோலாலம்பூரில். பல நாட்டு ஆட்கள் வந்திருந்தார்கள். முதல் நாளே நம் குழுவுக்கு இரண்டு பதக்கம். ஒன்று தைப்பிங்காரருடையது. எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நான் கம்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் தங்கைக்கு நூறு மீட்டர். போகும்போது என் சுவர், வரும்போது கோச்சின் சுவர்.

"அண்ணே, காலு."

"தெரியும்."

கண் தெரியாதவர்கள் நீந்தும்போது யாரும் சத்தம் போடக்கூடாது. தண்ணீர் மட்டும் கேட்டது. கால்விரல்கள் விளிம்புக்கு வெளியே இருக்கும்படி நின்றேன். வந்தாள். தட்டினேன். உருண்டு திரும்பினாள். சுவரை உதைத்துக்கொண்டு போய்விட்டாள்.

கீழே பார்த்தேன். இரண்டு கால்களும் வைத்த இடத்திலேயே இருந்தன. போட்டி முடிந்து கூட்டம் கத்திய பிறகுதான் நிமிர்ந்தேன்.

மறுமுனைக்கு நடந்தேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றாள். நெற்றியைப் பார்த்தேன். பழைய தழும்பு மட்டும்தான்.

"எத்தனாவதுண்ணே?"

"நான் பாக்கல."

"பின்ன எதப் பாத்த?"

"காலப் பாத்தேன்."

கோச் மூன்று விரலைக் காட்டினார். சொன்னேன். தண்ணீரிலிருந்து கையை நீட்டி என் கெண்டைக்காலைத் தேடிப் பிடித்தாள். அடிக்கவில்லை.

அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை தோட்டத்துக்குப் போனேன். முதல் குலை அறுந்தது. கால் அப்படியே நின்றது.

"மச்சான், நகரு லா!" என்று கூட்டாளி சட்டையைப் பிடித்து இழுத்தான். குலை பக்கத்தில் விழுந்தது.

"என்னடா ஆச்சு ஒனக்கு? சாகப் பாத்த!"

எனக்குச் சிரிப்பு வந்தது.