எட்டாம் நாளின் இரண்டு கிண்ணங்கள்

கனவில் அந்தக் கப்பல் எப்போதும் நகரும். நிசத்தில் அது ஒரு அங்குலம்கூட நகர்ந்ததில்லை. தொண்ணூறுகளில் ஹம்பேர்க்குக்கு வந்து சேர்ந்த அகதிகளுக்கு இடம் போதாமல், எல்பே ஆற்றங்கரையில் வடம் போட்டுக் கட்டிய கப்பல்களில் அறை பிரித்துக் கொடுத்தார்கள். அப்படி ஒரு கப்பலில்தான் அகோசுவா ஐந்து வயதிலிருந்து எட்டு வயதுவரை வளர்ந்தாள். கானாவிலிருந்து வந்த கம்ஃபர்ட்டின் ஒரே மகள். கம்ஃபர்ட் அலுவலகங்களைத் துப்புரவாக்கப் போகும்போது பிள்ளையை அடுத்த அறையில் விட்டுவிட்டுப் போவாள். அங்கே யாழ்ப்பாணத்துப் புஷ்பராணியும் அவள் மகள் சிவானுஜாவும் இருந்தார்கள். தாய்மார் இருவருக்கும் பொதுவான பாஷை கிடையாது. சோறு கொடுக்கவும் காய்ச்சலுக்கு நெற்றி தொட்டுப் பார்க்கவும் பாஷை எதற்கு? பிள்ளைதான் கெட்டிக்காரி. ஆறு மாதத்தில், "அன்ரி, இன்னும் கொஞ்சம் சொதி விடுங்கோ" என்று கேட்கத் தொடங்கிவிட்டாள்.

இப்போது அகோசுவாவுக்கு முப்பத்தாறு வயது. எஸ்-பான் ரயில் ஓட்டுகிறாள். ஹம்மர்புரூக் தாண்டி எல்பே பாலத்தில் ஏறும்போது சக்கரங்கள் தாளம் மாற்றும். அந்த இடத்தில் அவளுக்குப் பாட்டு வரும். எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் கனவில் வந்த கப்பலிலிருந்து என்பாள். விசர்க்கதை என்று சிரிக்கலாம். ஆனால் பாட்டைக் கேட்டுவிட்டுச் சிரித்தவர்களை நான் கண்டதில்லை.

ஞாயிறு பிற்பகல்களில் அந்தப் பாட்டுகளுக்கு ஓர் இடம் உண்டு. வில்ஹெல்ம்ஸ்பேர்க்கில் படகு திருத்தும் பட்டறைக்குப் பின்னால் ஒரு வாடகை அறை. கானா, நைஜீரியா, பிரேசில் என்று வந்தவர்களும், ஹம்பேர்க்கிலேயே பிறந்து "நீ எந்த நாடு?" என்று தினமும் கேட்கப்படுகிறவர்களுமாகக் கொஞ்சம் கறுப்பு மனிதர்கள் கூடுவார்கள். ஆணை நேசிக்கும் ஆண்கள், பெண்ணை நேசிக்கும் பெண்கள், ஆண் பெண் என்ற இரண்டு பெட்டியிலும் அடங்காதவர்கள். முதலில் முன்னோருக்குத் தண்ணீர் வார்ப்பார்கள். பிறகு பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் வாசிப்பார்கள், பிறகு மேளம். அங்கே ஒரே ஒரு சட்டம்தான்: வெறுங்கையோடு யாரும் வரக்கூடாது. அந்த வாரம் தானே உண்டாக்கிய ஏதாவது ஒன்று கொண்டுவர வேண்டும். பாட்டோ, தைத்த சட்டையோ, பொரித்த வாழைப்பழமோ. கடவுள் ஆறு நாளில் உலகத்தையே படைத்தாராம், நம்மால் வாரத்துக்கு ஒன்று ஏலாதா?

அந்த அறைக்கு வருவதற்கு முன்னர் அகோசுவா தன் தாயின் சபையில் பாடியவள். ஆறு வருடத்துக்கு முன், அவளும் சிவானுஜாவும் கைகோத்து நடந்ததை யாரோ கண்டு வத்தி வைத்துவிட்டார்கள். போதகர் நல்ல மனிதர்போல ஒரு வழி காட்டினார். "இது அவதூறு என்று எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை சொல்லிவிடு மகளே, இத்தோடு முடிந்தது." கேட்டு வாங்குகிற பொய்! சொல்லியிருந்தால் இன்றும் அவள்தான் பாடகர் குழுவில் முதல் குரல். அவளோ, "உண்மைதான்" என்றாள்.

அவளால் வேறெதுவும் சொல்ல ஏலாது. கானாவில் அவள் ஆட்களின் வழக்கத்தில், பிறந்த எட்டாம் நாள் விடியும்போது பிள்ளையை முதன்முதலாக வெளியே கொண்டுவந்து பெயர் வைப்பார்கள். நாக்கில் ஒரு துளி தண்ணீர் தொட்டு, "தண்ணீர் என்றால் தண்ணீர் என்று சொல்" என்பார்கள். பிறகு ஒரு துளி சாராயம் தொட்டு, "சாராயம் என்றால் சாராயம் என்று சொல்" என்பார்கள். அன்றோடு அந்த நாக்கு உண்மைக்கு வாக்கப்பட்டதாகக் கணக்கு. இதைச் சொல்லிச் சொல்லி அவளை வளர்த்தவளே கம்ஃபர்ட்தான். அந்தக் கம்ஃபர்ட் அன்றைக்கு இரண்டாம் வரிசையில் இருந்துகொண்டு தன் கைப்பையின் கொளுக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு தாய் மகளோடு பேசவில்லை. சபையில் கேட்டவர்களுக்கு, "மகளுக்குத் தூரத்தில், டிரெஸ்டன் நகரத்தில் வேலை" என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதென்பது இதுதான். அந்தப் பூசணிக்காயோ அவள் சபைக்குப் போகும் ரயிலையே ஓட்டிக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிறு காலை ஹம்மர்புரூக் மேடையில், வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக அம்மா ஓடி வருவதை அகோசுவா கண்ணாடியில் கண்டாள். கதவை மூடாமல் காத்திருந்தாள். அம்மா ஏறிக்கொண்டாள். அம்மாவைத் தானே கொண்டுபோய் இறக்கிவிடுகிற சந்தோசத்தில் பாலம் முடியும்வரை அழுதாள். அது அம்மாவுக்குத் தெரியாது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். போன மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை சிவானுஜா பெண் குழந்தை பெற்றாள். எப்படி என்று கேட்பவர்களுக்கு: வைத்தியரிடம் போனார்கள், பிள்ளை வந்தது, மேலே கேட்காதீர்கள். அகோசுவாவும் சிவானுஜாவும் பதிவுத் திருமணம் செய்தவர்கள். இருந்தும் ஜெர்மன் சட்டத்தில் பெற்றவள் மட்டும்தான் தாய். மற்றவள் தன் சொந்தப் பிள்ளையைத் தத்தெடுக்க ஆன்ட்ராக் என்ற விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கடதாசி வரும்போது வரட்டும் என்று அதை அகோசுவா பொறுத்துக்கொண்டாள். அவளைப் பிடித்து ஆட்டியது வேறொன்று. கானா முறைப்படி தகப்பன் வீட்டார்தான் பெயர் வைக்க வேண்டும். இந்தப் பிள்ளைக்குத் தகப்பன் இல்லை, அந்த இடத்தில் அகோசுவா இருக்கிறாள். ஆக அவள் வீட்டிலிருந்துதான் ஒருவர் வர வேண்டும். அவளுக்கு வீடென்று இருப்பது கம்ஃபர்ட் ஒருத்திதான். அம்மா வந்து தொட்டால் அகோசுவா தாய். வராவிட்டால், பிள்ளையின் பக்கத்தில் நிற்கிற யாரோ ஒருத்தி.

"கோல் பண்ணிக் கேளன்" என்றாள் சிவானுஜா, பால் கொடுத்துக்கொண்டே.

"எடுக்க மாட்டா, அனு. பாட்டாக் கேட்டா ஒருவேளை கேப்பா."

அன்று பாலத்தில் வந்த பாட்டைத் தொலைபேசியில் பாடி அனுப்பினாள். கம்ஃபர்ட்டின் மொழியில் பாடியது தமிழில் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"கட்டிய கப்பல் நகரவில்லை அம்மா,
ஆனாலும் நான் வந்து சேர்ந்துவிட்டேன்.
வியாழக்கிழமை விடியல் என் வாசலுக்கு வரும்.
நீயும் வா, தண்ணீரை நீயே தொட்டு வை."

கேட்டுவிட்டதற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடுகள் வந்தன. வேறு ஒன்றும் வரவில்லை. கல்நெஞ்சுக்காரி!

இந்தப் பக்கம் புஷ்பராணியின் கதை தனி. மகளின் கலியாணத்துக்கு வரமாட்டேன் என்று வீம்பாக வீட்டில் இருந்தவள், அடுத்த நாளே கணவாய்க் கறியோடு வந்து நின்றாள். அதிலிருந்து வந்துகொண்டே இருக்கிறாள். பிள்ளைப்பேறு பார்க்க வந்தவளுக்கு எட்டாம் நாள் கதை காதில் விழுந்ததும் கொதித்துவிட்டது.

"பிள்ளை பெத்த துடக்குக் கழியாமல் என்ன பேர் வைப்பு? முப்பத்தொண்டாம் நாளுக்கு முதல் எங்கட ஆக்கள் இந்த வீட்டில தண்ணிகூடக் குடிக்க மாட்டினம்."

"நீங்கள் இப்ப என்ன அன்ரி குடிக்கிறியள்?" என்றாள் அகோசுவா.

புஷ்பராணி தன் கையிலிருந்த தேத்தண்ணியைப் பார்த்தாள். "நான் பெத்த தாய். எனக்கு அது வேற." பிறகு அவளே இறங்கி வந்தாள். "சரி பிள்ளை. உங்களுக்கு எட்டு, எங்களுக்கு முப்பத்தொண்டு. ரெண்டு தரம் பேர் வைச்சாப் பிள்ளை தேஞ்சே போகும்? அது கிடக்கட்டும், அதென்ன போத்தல்?"

"ஷ்னாப்ஸ். ஜெர்மன் சாராயம். விரல் நுனியில ஒரு துளிதான் அன்ரி."

"என்ர ஐயோ! பச்சைப் பாலகின்ர வாயிலயோ?"

"அது வழக்கம் அன்ரி. அது இல்லாமல் ஏலாது."

புஷ்பராணி அதற்குமேல் பேசவில்லை. அவள் கத்தினால் ஒன்றுமில்லை, வாயை மூடினால்தான் பயப்பட வேண்டும். கப்பலில் அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்த அகோசுவாவுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை விடியப்போகும் நேரம். நான்காம் மாடிப் பால்கனியில் குளிர் சில்லென்று நின்றது. தூரத்தில் துறைமுகத்துப் பாரந்தூக்கிகளின் விளக்குகள் பனியில் மிதந்தன. அகோசுவாவுக்கு எல்லாம் கனவுபோலவே இருந்தது; வீடே வடம் அறுந்து மெல்ல நகர்வதுபோல. ஞாயிற்றுக் கூட்டத்திலிருந்து ஒரு மேளகாரர் வந்திருந்தார். அம்மா வராவிட்டால் அவரே தொட்டு வைப்பதாக ஏற்பாடு. மேசையில் இரண்டு கண்ணாடிக் கிண்ணங்கள் தயாராக இருந்தன. அவற்றை நிரப்பி வைத்தது புஷ்பராணி.

மணி அடித்தது. அகோசுவா கதவைத் திறந்தாள். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தலைத்துணி. கம்ஃபர்ட் மகளின் முகத்தைப் பார்க்காமல் சப்பாத்தைக் கழற்றினாள்.

"பாட்டின் மூன்றாம் வரியில் குரல் இறங்குகிறது" என்றாள், அவர்கள் மொழியில். "சரி செய்."

"செய்கிறேன் அம்மா."

ஆறு வருடத்துக்குப் பிறகு பேசிய பேச்சு அவ்வளவுதான். கம்ஃபர்ட் பிள்ளையை வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போனாள். எல்லோருக்கும் புரியட்டும் என்று ஜெர்மனில் சொன்னாள். வியாழக்கிழமை பிறந்த பெண்ணுக்கு அவர்கள் ஊரில் யா என்று பெயர். முதல் கிண்ணத்தில் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். "யா, வியாழக்கிழமை வந்தவளே, தண்ணீர் என்றால் தண்ணீர் என்று சொல்." இரண்டாவது கிண்ணத்தில் விரலை நனைத்து வைத்தாள். சாராயம் பட்டால் எந்தப் பிள்ளையும் முகத்தைச் சுளிக்கும். இந்தப் பிள்ளையோ இன்னும் தா என்று சப்புக்கொட்டியது. கம்ஃபர்ட் தன் விரலை நக்கிப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

புஷ்பராணி விடியாத வானத்தை மிகக் கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

அம்மாவின் முகத்தில் அந்தப் பழைய பார்வை வருவதை அகோசுவா கண்டாள். கைப்பைக் கொளுக்கியைப் பார்த்த அதே பார்வை. "சாராயம்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் சடங்கு முடிந்துவிடும், யாருக்கும் தெரியப்போவதில்லை. அம்மாவுக்கு அது கைவந்த கலை. பொய்யிலேயே என் பிள்ளைக்கும் பெயர் வைக்கப் போகிறாளே என்று அகோசுவாவுக்கு ஆத்திரம் வந்தது. ஆனாலும் அவள் வாய் திறக்கவில்லை. அம்மாதான் திறக்க வேண்டும்.

"இதுவும் தண்ணீர்" என்றாள் கம்ஃபர்ட்.

"நான்தான் பிள்ளை ஊத்தினனான்!" புஷ்பராணி தாங்க மாட்டாமல் வெடித்தாள். "கிண்ணத்தில விட்ட சாராயத்தைக் குசினித் தொட்டிக்குள்ள ஊத்திப்போட்டுப் பைப்புத் தண்ணியை விட்டனான். ரெண்டும் ஒரே நிறம்தானே, ஆருக்குத் தெரியப்போகுதெண்டு நினைச்சன். சின்ன வாய்க்கு எரியுமெல்லே!"

அகோசுவா அதைத் தாய்க்கு மொழிபெயர்த்துவிட்டு, "போத்தலில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது அம்மா, கொண்டு வரட்டா?" என்றாள்.

"வேண்டாம்." கம்ஃபர்ட் புஷ்பராணியை ஒருமுறை பார்த்தாள். கப்பல் காலத்துப் பார்வை. பிறகு மறுபடி இரண்டு கிண்ணத்திலும் விரலைத் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் வைத்தாள். "இது தண்ணீர். இதுவும் தண்ணீர். உள்ளதை உள்ளபடி சொல்." குழந்தையின் கையைப் பிடித்துச் சிவானுஜாவின் கன்னத்தில் வைத்தாள். "இவள் உன் அம்மா." அதே கையை எடுத்து அகோசுவாவின் ஈரக் கன்னத்தில் வைத்தாள். "இவளும் உன் அம்மா. யார் கேட்டாலும் இதைத்தான் சொல்ல வேண்டும்."

மேளகாரர் தட்டத் தொடங்குவதற்குள் கம்ஃபர்ட்டின் கைப்பைக்குள் தொலைபேசி அடித்தது. காலை ஜெபத்துக்கு ஏன் வரவில்லை என்று சபைச் சகோதரி ஒருத்தி. கம்ஃபர்ட் பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு பேசினாள். பேத்திக்குப் பெயர் வைக்கிறோம் என்றாள். ஓம், மகள் வீட்டில்தான் நிற்கிறேன், மகளின் மனைவி பெற்ற பிள்ளை என்றாள். அந்தப் பக்கம் ஏதோ நீளமாகக் கேட்டார்கள்.

"டிரெஸ்டனா? இல்லை, சகோதரி" என்றாள் கம்ஃபர்ட். "என் மகள் எப்போதும் ஹம்பேர்க்கில்தான் இருந்தாள்."