அலமாரிக்குப் பின்னால் ஒரு கட்டம்

என் அண்ணியைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. இதை அடக்கம் என்று யாரும் எடுத்துக்கொண்டுவிட வேண்டாம். அடக்கத்துக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம்.

அண்ணி மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். முன்னால் நின்று சிரிக்கிற வேலை இல்லை. பின்னறையில் லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் உட்கார வைக்கிற வேலை. தேய்த்து முடித்ததும் கட்டைவிரலை லென்ஸின் விளிம்பில் வைத்து ஒரு சுற்று முழுக்கத் தடவிப் பார்ப்பாள். முக்கால் சுற்று போதும் என்று ஒருநாளும் விட்டதில்லை. எங்கேயாவது சொரசொரவென்று தட்டினால் மறுபடி சக்கரத்தில் வைப்பாள். அவள் மாட்டிக் கொடுத்த கண்ணாடி சரியில்லை என்று பதினாறு வருடத்தில் ஒருவர்கூடத் திரும்பி வந்ததில்லை என்று கடை முதலாளியே சொல்வார். சம்பள உயர்வு கேட்கிற அன்றைக்கு மட்டும் அது அவருக்கு ஞாபகம் வராது.

கடைக்குப் போக பஸ்ஸில் நாற்பது நிமிஷம். உட்கார இடம் கிடைத்ததும் கைப்பையிலிருந்து ஒரு பழைய வீடியோ கேம் பெட்டியை எடுப்பாள். உள்ளங்கையில் அடங்குகிற பெட்டி. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவளுடைய மாமா வாங்கிக் கொடுத்தது. திரை தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. நிறம் என்று பார்த்தால் நாலு விதப் பச்சை, அவ்வளவுதான். அதற்கு அவளிடம் இருந்தது ஒரே ஒரு கேம். எத்தனை தடவை முடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. மற்றவர்கள் வழி எங்கே போகிறதோ அங்கே போவார்கள். அண்ணி ஒவ்வொரு சுவரிலும் மோதிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அறைக்குப் போவாள். லென்ஸ் தடவுகிற பழக்கம், வேறென்ன.

நான் வேலை பார்த்த போட்டோ ஸ்டூடியோவை மூடிவிட்டார்கள். கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையின் முகப்பருவை அழிப்பது என் தொழில். ஒரு மாதம் தங்குகிறேன் என்று ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவன், மூன்று வருடமாக இருக்கிறேன். துணி காயப்போடும் அறையை அண்ணி எனக்கு ஒழித்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து ஈரத் துணியெல்லாம் கூடத்து நாற்காலிகளின் முதுகில் காய்கிறது. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் பார்க்காதது போலவே இருந்துவிட்டேன்.

கேம் பேச்சை எடுத்தவள் அவள்தான்.

“தம்பி, இந்தப் பெட்டிக்கு இப்பவும் ஆளுங்க புதுசு புதுசா கேம் செய்றாங்களாம். கடைக்கு வந்த ஒருத்தர் சொன்னார்.”

“எனக்குப் புரோகிராம் எல்லாம் எழுதத் தெரியாது அண்ணி.”

“தெரியாதவங்களுக்குன்னே ஏதோ இருக்காம். பாருங்களேன். சும்மாதானே இருக்கீங்க.”

அந்தக் கடைசி வார்த்தையை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான்தான் அதை எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன்.

கடைக்கு வந்தவர் சொன்னது உண்மைதான். இலவசமாகவே ஒரு மென்பொருள் கிடைத்தது. ஒரு காட்சிக்கு ஒரு படம். அதன்மேல் ஆட்களை இழுத்து வைக்கலாம். ஆளைச் சொடுக்கினால் ‘இவர் பேச வேண்டும்’, ‘இவர் நகர வேண்டும்’ என்று ஒரு பட்டியல் வரும். பொறுக்கி அடுக்கினால் போதும். ஒரு பொத்தானை அழுத்தினால் கேம் கணினியிலேயே ஓடும். இன்னொன்றை அழுத்தினால் பெட்டிக்குள் செருகுகிற கார்ட்ரிட்ஜில் ஏற்றுவதற்கான கோப்பு வந்து விழும். முதல் நாள் சாயங்காலமே என் திரையில் ஒரு பொம்மை நடந்தது. முப்பத்து நாலு வயது ஆள், தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் அந்த மென்பொருள் கறார். படத்தில் சுவர் வரைந்துவிட்டால் அது சுவர் ஆகிவிடாது. படத்தைச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்து வைத்திருக்கும். எந்தெந்தக் கட்டத்தில் நுழையக் கூடாதோ அதன்மேல் சிவப்பு பூச வேண்டும். ஒரு கட்டம் விட்டுப்போனாலும் பொம்மை சுவருக்குள் புகுந்து அந்தப் பக்கம் போய்விடும். இந்தத் தப்பைச் செய்யாத கற்றுக்குட்டி கிடையாது.

தமிழ் எழுத்துதான் பெரிய தலைவலி. அந்த மென்பொருளுக்கு ஆங்கிலம்தான் தெரியும். தமிழ் வேண்டுமென்றால் ஒவ்வொரு எழுத்தையும் எட்டுக்கு எட்டுப் புள்ளிக்குள் நாமே வரைந்து கொடுக்க வேண்டும். நம் ஞ எட்டுப் புள்ளிக்குள் அடங்குகிற ஆளா? நான் கையை விரித்துவிட்டேன். அண்ணி ஒரு கட்டம் போட்ட நோட்டு வாங்கி வந்தாள். ஐந்து ஞாயிற்றுக்கிழமை, கடையில் மாட்டிக்கொள்ளும் பூதக்கண்ணாடியை வீட்டிலும் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் புள்ளி வைத்தாள். ளு மட்டும் பதினோரு தடவை. நான் பார்த்துப் பார்த்துக் கணினியில் ஏற்றினேன். உழைப்பு அவளுடையது, சுட்டெலி மட்டும் என்னுடையது.

கேமின் கதை எளிமையானது. கண்ணாடிக் கடைக்காரி ஒருத்தி தெருத்தெருவாகப் போய் ஆளுக்கு ஏற்ற கண்ணாடியைக் கொடுத்து வருவாள். அண்ணிக்காகச் செய்தது. அவளிடம் அதைச் சொல்லியும் இருந்தேன். அவள் சிரித்துவிட்டு, “என்னைக் கொஞ்சம் ஒல்லியா வரைங்க” என்றாள்.

இனி வருவதைச் சொல்ல நாக்கு கூசுகிறது.

ஒருநாள் காலை பத்து மணிக்கு நான் எழுந்து வந்தபோது அண்ணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள். செருப்பை மாட்டியபடியே சொன்னாள்: “தம்பி, ராத்திரி சாப்பிட்ட தட்டுல தண்ணியாவது ஊத்தி வெச்சிடுங்க. காஞ்சு போனா தேய்க்க வரமாட்டேங்குது.”

இவ்வளவுதான் அவள் சொன்னது. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வந்தது. தட்டைக் கழுவினேனா என்றால் அதுவும் இல்லை. நேரே போய்க் கணினி முன்னால் உட்கார்ந்தேன்.

பேச்சு வருகிற பெட்டியில் எழுத்து சரியாக விழுகிறதா என்று சோதிக்க ஒரு வெற்று அறை செய்து வைத்திருந்தேன். அதில் ஒரு பொம்மையை நிறுத்தினேன். தோளில் பை. அதன் வாயில் மூன்று வரி போட்டேன். ‘நான்தான் இந்த வீட்டு மகாராணி’ என்பது முதல் வரி. ‘மூச்சு விடவும் என்கிட்ட கேக்கணும்’ இரண்டாவது. மூன்றாவது, ‘பெத்து வளர்க்க வழியில்ல, அதான் இவனை மேய்க்கிறேன்.’

அண்ணிக்குக் குழந்தை இல்லை. நாலு வருடம் ஆஸ்பத்திரிக்கு அலைந்துவிட்டு ஒருநாள் இனி போதும் என்று இருவரும் நிறுத்திக்கொண்டார்கள். வீட்டில் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நான் திறந்தேன். திறந்ததோடு, பச்சைத் திரையில் அந்தப் பொம்மை அதைச் சொல்வதைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தேன்.

சோதிக்கும்போது சட்டென்று போய்வர வசதியாக, கேமில் வருகிற சமையலறையில், அலமாரிக்குப் பின்னால், ஒரு மூலையில் கால் வைத்தால் அந்த அறைக்குப் போகும்படி செய்திருந்தேன். வேலை முடிந்ததும் அந்த மூலையைச் சுற்றிச் சிவப்பு பூசி அடைத்தேன். அடைத்துவிட்டோமே, யார் போகப் போகிறார்கள் என்று அறையை அழிக்கவில்லை. பிறகு மறந்தே போனேன். எனக்கு அது மறக்கிற அளவுக்குச் சின்ன விஷயமாக இருந்திருக்கிறது பாருங்கள்.

கேமைக் கார்ட்ரிட்ஜில் ஏற்றி அவள் கையில் கொடுத்த அன்று அவள் ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு நிறுத்தத்திலேயே நின்று விளையாடினாளாம். அதிலிருந்து தினமும் சாயங்காலம் என் கணினி மேல் ஒரு சீட்டு இருக்கும். கடையில் கண் பவர் குறிக்கிற வேலைச்சீட்டு அது: வலது கண்ணுக்கு ஒரு பெட்டி, இடது கண்ணுக்கு ஒரு பெட்டி. வலதில் இடத்தை எழுதுவாள், இடதில் கோளாறை. ‘தெரு: நாய் வைத்திருப்பவர் இரண்டு தடவை கண்ணாடி வாங்கிக்கொள்கிறார்.’ ‘பஸ் நிலையம்: ஓரமாகப் போனால் கூரைமேல் நடக்கிறேன். நன்றாக இருக்கிறது, ஆனால் தப்பு.’ படித்துச் சிரித்துக்கொண்டே திருத்துவேன். அந்த எட்டு நாளும் நான் உருப்படியான மனிதனாக இருந்தேன் என்று நினைக்கிறேன்.

ஒன்பதாம் நாள் சீட்டு இப்படி இருந்தது. வலது: ‘சமையலறை. அலமாரிக்குப் பின்னால் ஒரு கட்டம் திறந்திருக்கிறது. வேறு அறைக்குப் போகிறது.’ இடது: ‘அங்கே பேசுபவரின் மூன்றாவது வரி நீளம். கடைசி மூன்று எழுத்து பெட்டிக்கு வெளியே போகிறது.’

எழுத்தை எண்ணியிருக்கிறாள். எண்ண வேண்டுமென்றால் ஒரு தடவை படித்தால் போதாது. ஞாயிற்றுக்கிழமைகளில் கண் வலிக்க வலிக்க அவள் புள்ளி வைத்த எழுத்துகளைக் கோத்துத்தான் அந்த வரியை எழுதியிருந்தேன்; எனக்கு அப்போதுதான் அதுவே உறைத்தது.

வேறொரு மனிதனாக இருந்தால் நேரே போய் நின்றிருப்பான். நான் அறையை அழித்தேன், விட்டுப்போன கட்டத்தில் சிவப்பு பூசினேன், புதிதாக ஏற்றிய கார்ட்ரிட்ஜை அவள் பையின் மேல் வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மறுநாள் சீட்டில் ‘சரியாகிவிட்டது’ என்று ஒரு வார்த்தை. அதோடு சீட்டு நின்றது. கேம் பெட்டி கைப்பையிலிருந்து இறங்கி ஃபிரிட்ஜ் மேல் உட்கார்ந்தது.

மன்னிப்புக் கேட்கத் துப்பில்லாமல் பாத்திரம் கழுவினேன். என் தட்டு, அண்ணன் தட்டு, அடி பிடித்த சட்டி, ஒன்று விடாமல். மூன்று வாரம் அந்த வீட்டில் பாத்திரம் பளபளத்தது. அண்ணி என்னிடம் வழக்கம் போலவே பேசினாள். தம்பி குளிச்சாச்சா, தம்பி கதவைப் பூட்டிக்கோங்க. பேச்சு நின்றது அண்ணனிடம்தான். வழக்கமாகச் சாயங்காலம் அவள் நிறுத்தத்தில் அவனுக்காகக் காத்திருப்பாள், இருவரும் சேர்ந்து நடந்து வருவார்கள். அந்த மூன்று வாரமும் அவள் முன்னாலேயே தனியாக வந்தாள். சாப்பிடும்போது அவன் எதையாவது கேட்டால் தட்டைப் பார்த்தபடி பதில் சொன்னாள்.

அண்ணன் என்னை பால்கனிக்குக் கூப்பிட்டுக் கேட்டான். “டேய், உங்க அண்ணிக்கு என்னடா ஆச்சு? எதையாவது மறந்துட்டேனா? கல்யாண நாள்கூட இல்லையே.”

“எனக்கென்ன தெரியும்,” என்றேன்.

அவர்களுக்குள் ஏதோ மனத்தாங்கல், நம் தலை தப்பியது என்று நினைத்தேன். நிம்மதியாகக்கூட இருந்தது. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஒரு ஞாயிறு மத்தியானம் அண்ணன் குளியலறையில் ஒழுகுகிற குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அண்ணி கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். இனியும் தள்ளிப்போட்டால் என் முகத்தை நானே பார்க்க முடியாது என்று போய் நின்றேன்.

“அண்ணி, அந்த அறையில இருந்தது... நான் எழுதினது... மன்னிச்சிடுங்க.”

அவள் கையிலிருந்த சட்டையை மடியில் வைத்தாள். அண்ணனின் சட்டை. குளியலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லணும்.”

“கேளுங்க.”

“அந்த மூணாவது வரி, உங்க அண்ணன் சொன்னதா?”

எனக்கு ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. “அண்ணனா?”

“நீங்க ரெண்டு பேரும் பால்கனியில நின்னு பேசுவீங்கல்ல. அப்ப எப்பவாவது என்னைப் பத்தி அப்படிச் சொல்லியிருக்காரா? எனக்கு வழியில்லன்னு. ஆஸ்பத்திரியில வெச்சு, எனக்கு நீ மட்டும் போதும்னு சொன்னார். அதை நம்பித்தான் நான் நிறுத்தினேன். இந்த மூணு வாரமா அவர் முகத்தைப் பாக்கறப்பல்லாம், அது பொய்யோ பொய்யோன்னு இருக்கு.”

“இல்ல அண்ணி. அண்ணன் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்ல. நானா எழுதினது.”

“அவரைக் காப்பாத்தறதுக்காகச் சொல்லலையே?”

அவளை நம்பவைக்க என்னிடம் வேறு எதுவும் இல்லை. யாரிடமும் சொல்லக் கூடாது என்று வைத்திருந்ததைச் சொன்னேன். “எழுதிட்டு அதைப் பாத்து சிரிச்சேன் அண்ணி. தட்டுல தண்ணி ஊத்தச் சொன்னீங்களே, அந்தக் கோவத்துல. அந்தப் பொம்மைக்குப் பை மாட்டிவிட்டுச் சிரிச்சேன். என் புத்திதான் அது. வேற யாருக்கும் அதுல பங்கு இல்ல.”

அவள் என்னையே பார்த்தாள். அவ்வளவு நேரம் யாரும் என்னைப் பார்த்ததில்லை. பிறகு நம்பினாள். மூன்று வாரமாக இறுகிக் கிடந்த முகம் என் கண் முன்னாலேயே தளர்ந்தது. நான் ஒரு அயோக்கியன் என்பது அவளுக்கு நல்ல சேதியாக இருந்தது.

“நீங்கதானா,” என்றாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அப்ப பரவாயில்ல தம்பி.”

எழுந்து, மடித்த சட்டையை எடுத்துக்கொண்டு அண்ணன் இருந்த பக்கம் போனாள். குழாயைப் பற்றி ஏதோ கேட்டாள். அண்ணன் பதிலுக்கு ஏதோ சொல்ல, அவள் சிரிப்பது கேட்டது.

குத்தலாகச் சொல்லவில்லை அவள். அது அவளுக்கு வராது. மனதில் பட்டதைச் சொன்னாள். மூன்று வருடம் அவள் உப்பைத் தின்ற எனக்கு, அவளை நோகடிக்கிற அளவுக்குக்கூட அந்த மனதில் இடம் இல்லை. இருந்திருக்கலாமே என்று ஏங்குவதற்கும் வெட்கமாக இருக்கிறது.