நாலு விரல் தள்ளி

துணி அலசும் சிங்க்குக்குக் கீழே ஓர் அலமாரி வேண்டும் என்று என் கணவரிடம் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். கணபதிப் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுப் பின்கட்டில் சோப்புத்தூளும் பிரஷ்ஷும் எப்போதும் ஈரத்தரையிலேயே கிடக்கும். அவர் ஒரு ஃபவுண்டரியில் வார்ப்புக்கான மர அச்சுகள் செய்தவர். ஓய்வு பெற்ற மறுமாதமே பிளைவுட் வாங்கிவந்து, சிங்க்கின் அடியில் மல்லாந்து படுத்து அளவெடுத்தார். பலகைகளை அறுத்தும் வைத்துவிட்டார். பூட்டுவதற்குள் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று.

இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தார். பின்கட்டை ஒட்டிய அறையில்தான் கட்டில். சில நாள் மூன்று, நான்கு விரிப்புகள் அலச வேண்டியிருக்கும். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்து, பல்லடத்தில் இருக்கும் மகள் வாஷிங் மெஷின் வாங்கி அனுப்பினாள். அதன் தண்ணீர் வெளியேற, பிளம்பர் ஒருவர் சிங்க்கின் குழாய்க்குப் பக்கத்திலேயே தரையைக் குடைந்து இன்னொரு குழாயை இறக்கினார்.

பிளம்பர் வேலை செய்துகொண்டிருந்தபோது கட்டிலிலிருந்து சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். இடது கையைக் கதவுப் பக்கம் நீட்டி “ம்ம்… ம்ம்…” என்றார்.

“என்னங்க வேணும்? தண்ணியா?”

டம்ளரை வாயில் வைத்தால் உதட்டை இறுக்கிக்கொண்டார். தண்ணீர் கழுத்தில் வழிந்து, அப்போதுதான் மாற்றிய விரிப்பு நனைந்தது.

“கேட்டுப்போட்டு இப்ப வாயத் தொறக்க மாட்டீங்களா? நான் ஒருத்தி எத்தனைதானுங்க பாக்கறது?” என்று கத்திவிட்டேன். கை மெதுவாகக் கீழே இறங்கியது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவர் போய் எட்டு மாதம் கழித்து மகள் சொன்னாள், “அந்தப் பலகையெல்லாம் எடுத்துப் போட்டறலாம்மா. ரெடிமேடா ஒண்ணு வாங்கிக்கலாம்.” எனக்கு மனசு வரவில்லை. தெரிந்த கார்ப்பெண்டர் ஒருவரைக் கூப்பிட்டேன்.

அவர் அடிப்பலகையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏனுங்கக்கா, இத ஆருங்க அறுத்தது?”

“எங்கூட்டுக்காரருங்க.”

“வட்டமா ஓட்டை போட்டிருந்தா, பைப்பைக் கழட்டாம உள்ளயே போவாதுங்க. சொவத்துப் பக்கமிருந்து பைப் அகலத்துக்கு நீளமா காடி வெட்டியிருக்காருங்க, அப்படியே தள்ளுனாப் போதும். வெவரமான ஆளுங்க.”

பலகையைத் தரையோடு வைத்துத் தள்ளினார். பாதி தூரம் போய் டொக்கென்று நின்றது. சிங்க்கின் குழாய் காடிக்குள் சரியாக இறங்கியிருந்தது. மெஷினின் குழாய்தான், நாலு விரல் தள்ளி, பலகையை மறித்து நின்றது.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கட்டிலில் படுத்திருந்தால் திறந்த கதவு வழியே அந்த மூலை நேராகத் தெரியும். அந்தக் குழாய் எங்கே இறங்குகிறது என்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அதைத்தான் சொல்ல வந்திருக்கிறார்.

“அக்கா, என்னாச்சுங்க? தல சுத்துதுங்களா?”

“ஒண்ணுமில்லீங்க.”

“பைப்பைத் தள்ளி வெக்கோணும்னா மறுபடியும் தரைய ஒடைக்கோணுங்க. பலகையில இன்னொரு காடி போட்டா அரை மணி நேர வேலை. என்னங்க பண்ணட்டும்?”

பலகையின் விளிம்பைத் தடவிப் பார்த்தேன். பிறகு, “பலகையவே வெட்டிருங்க” என்றேன். பலகை ஆடாமல் இருக்க மறுமுனையை நானே பிடித்துக்கொண்டேன். பென்சிலில் ‘சுவர் பக்கம்’ என்று என் கணவர் எழுதியிருந்த இடத்தில், ‘பக்கம்’ மட்டும் மரத்தூளாகிப் போயிற்று. பலகை இப்போது இடிக்காமல் உள்ளே போனது. மத்தியானத்துக்குள் கார்ப்பெண்டர் கதவும் மாட்டி, கைப்பிடியும் வைத்துக் கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்த மகள் கதவைத் திறந்து மூடிப் பார்த்தாள். “நல்லா அமைஞ்சிருச்சேம்மா!” அவளிடம் அன்று நடந்ததைச் சொன்னேன். அவர் கை நீட்டியதையும், நான் கத்தியதையும் சொன்னேன். அவள் அலமாரிக் கதவை மெல்லச் சாத்தினாள். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு, “அப்பா தண்ணிதாம்மா கேட்டிருப்பாரு. விழுங்க முடியாம வாய மூடியிருப்பாரு. நீயா எதையாச்சும் நெனச்சுக்காதே” என்றாள். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“இருக்கும் கண்ணு” என்றேன். அவளாவது அப்படி நம்பிக்கொள்ளட்டும்.