அக்கா அளந்த எண்ணெய்

எங்கள் பரிசோதனைக்கூடத்தில் அவருக்குப் பம்பரம் என்று பெயர். வயதில் மூத்தவர் என்பதால் நான் மட்டும் அக்கா என்பேன். துடைத்த மேசையையே மறுபடி துடைப்பார். இப்படிப்பட்டவரை, கை அசைந்தாலே எண் மாறும் கருவியின் முன்னால் உட்கார வைத்தவருக்கு நல்ல குசும்பு இருந்திருக்க வேண்டும்.

வேலை இதுதான். ஒன்றுக்குள் ஒன்றாக, ஒட்டாமல் நிற்கும் இரண்டு உலோகக் குழாய்கள். அதுதான் எங்கள் மின்தேக்கி. இடையில் வெறும் காற்று இருக்கும்போது அது எவ்வளவு மின்சாரம் தேக்குகிறது என்று முதலில் பார்ப்போம். பிறகு டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயை ஊற்றிப் பார்ப்போம். நல்ல எண்ணெய் என்றால் இரண்டு மடங்குக்குச் சற்று மேலே நிற்கும். தண்ணீர் கலந்திருந்தால் எகிறிவிடும்; அப்படிப்பட்ட எண்ணெயோடு ஓடும் டிரான்ஸ்ஃபார்மர் எந்த நேரமும் வெடித்துக் கரண்டு போய்விடலாம்.

அன்று வந்தது ஆஸ்பத்திரி டிரான்ஸ்ஃபார்மரின் எண்ணெய். மறுநாள் அதே ஆஸ்பத்திரியில் அக்காவின் கணவருக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். ஏற்கெனவே தள்ளிப்போனது, மனிதர் வலியில் சுருண்டு கிடந்தார். எண்ணெய் கெட்டது என்று எழுதினால் டிரான்ஸ்ஃபார்மரை நிறுத்திவிடுவார்கள், ஆபரேஷன் மறுபடி தள்ளிப்போகும். நான் அளக்கிறேன் என்றேன். அக்கா காதிலேயே வாங்கவில்லை.

ஊற்றினார். எண் எகிறியது. முகம் வெளுத்தவர், திடீரென்று சிரித்தார். பதற்றத்தில், ஸ்பிரிட்டால் கழுவிய குழாய்களைக் காயவைக்காமலே ஊற்றிவிட்டாராம். ஸ்பிரிட் மிச்சமிருந்தாலும் எண் ஏறத்தான் செய்யும். தப்புச் செய்ததற்காக இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை நான் பார்த்ததே இல்லை.

மறுபடி கழுவிச் சூட்டுப்பெட்டியில் வைத்தார். அது காய்ந்து ஆறும்வரை ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார். எனக்குத்தான் தலை சுற்றியது. கொஞ்சம் உட்காருங்கள் என்றதற்கு, உட்கார்ந்தால் தனக்கும் கல் வந்துவிடும் என்றார். வெறும் காற்றில் எண் சுத்தமாக இருந்தது. எண்ணெயை ஊற்றினார். முன்பைவிடக் கொஞ்சம் இறங்கியது, ஆனால் போதவில்லை.

வயரை மாற்றினார். வேறு புட்டியிலிருந்து ஊற்றினார். கழுவுவதும் காயவைப்பதுமாகப் பொழுது போனது. பாழாய்ப்போன எண்ணெய், கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் என்ன என்று எனக்குக் கோபம் வந்தது.

மாலையில், தேறாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆஸ்பத்திரிக்குத் தகவல் போன சற்று நேரத்தில் கணவரின் போன். அக்காவின் கையெல்லாம் எண்ணெய் என்பதால் நான்தான் ஸ்பீக்கரில் போட்டேன். அவர் குரலே நைந்திருந்தது. நாளைக்குக் கிடையாதாம், ஏதோ எண்ணெயாம், யார் அளந்தது என்று கேட்டார். நான்தான் என்றார் அக்கா.

கணவர் கேட்டார்:

"இன்னொரு தடவ அளந்து பாத்திருக்கக் கூடாதா?"

"நாள் முழுக்க அதத்தாங்க பண்ணேன். உங்க வயித்தக் கீறி வச்சிருக்கும்போது கரண்டு போனா, நான் என்னங்க பண்ணுவேன்?"