வத்தேகம வழியில் ஒரு பாதுகாப்பு வேலை

சோவியத் ஒன்றியத்துக்குப் போய்ப் படித்த நாங்கள் ஒன்பது பேர் போன சனிக்கிழமை கண்டியில் கூடினோம். பாதித் தலைமுடி போய்விட்டது, ஆனால் ரஷ்ய மொழியில் ஒருவரையொருவர் திட்ட யாரும் மறக்கவில்லை. ஞாயிறு சும்மா கிடந்தது. யாழ்ப்பாண வெயிலில் காய்ந்தவனுக்குத் தேயிலை மலை என்றால் ஆசைதானே, வத்தேகமவுக்குப் புறப்பட்டேன்.

பஸ் மலிவு. நான் சொகுசு பார்த்து, காலை 8.20க்கு மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் ஓட்டோ பிடித்தேன். சுமார் பதின்மூன்று கிலோமீட்டர், பேரம் பேசி 1,800 ரூபா. ஓட்டுநர் செல்வம், முப்பது வயதிருக்கும், வத்தேகமப் பக்கத் தோட்டத்துக்காரர். முதல்நாள் கூத்தையெல்லாம் அவரிடம் அளந்துகொண்டே போனேன்.

"அப்ப ரஷ்ய எழுத்து வாசிப்பீங்களா, சேர்?"

"ஓம் தம்பி, ஏன்?"

ஓட்டோவை ஓரங்கட்டி ஒரு கவரை நீட்டினார். "வெளிநாட்டுல செக்கியூரிட்டி வேலை சேர். ஏஜென்சிக்காரரு 'பாதுகாப்பு வேலை'ன்னு தமிழ்ல எழுதிக் குடுத்தாரு. நாளைக்குக் கையெழுத்து வைக்கணும்."

முதல் வரியை இரண்டு தரம் வாசித்தேன். கடை வாசலில் காவல் நிற்பதும் நமக்குப் பாதுகாப்புதான், படையும் பாதுகாப்புதான். ரஷ்ய மொழியில் அவை இரண்டு சொற்கள். காவலுக்கு 'அஹ்ரானா', படைக்கு 'அபரோனா'. தாளில் இருந்தது அபரோனா, அதுவும் பாதுகாப்பு அமைச்சின் பெயரோடு. சண்டை நடக்கும் இடத்துக்கு அனுப்பினால் மறுக்க முடியாது என்று கீழே தெளிவாக எழுதியிருந்தது.

அந்த அமைச்சு உருவானதை நான் அங்கிருந்தே பார்த்தவன். சோவியத் உடைந்த மறுவருடம், அதே கட்டடம், அதே அதிகாரிகள், பெயர்ப்பலகை மட்டும் புதிது. நாங்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக் கேலி பண்ணினோம். அதன் தாள் மலைநாட்டு ஓட்டோவுக்குள் வந்து சேரும் என்று கனவிலும் நினைக்கவில்லை. செல்வம் கேட்டதால் ஏஜென்சியின் பெயரை இங்கே எழுதவில்லை.

"இது ஆமி வேலை தம்பி, கையெழுத்து வையாதேங்கோ" என்றேன்.

"என் மச்சான், அக்கா புருஷன், போன மாசமே போயிட்டாரு சேர். இதே பேப்பர்தான். பதினொரு நாளா போன் இல்ல."

தேயிலை மலையை மறந்து, 9.15க்கு அவருடைய அக்கா வீட்டுக்குப் போனோம். விஷயத்தைச் செல்வமே சொன்னார். அக்கா அழவில்லை, கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் காலை ஏழுக்கே கிளம்புங்கள், வெயில் ஏறுமுன் மலை பார்க்கலாம். வெளிநாட்டு வேலைத்தாள் கையில் இருந்தால், ஏஜென்சியின் தமிழை நம்பாமல், மொழி தெரிந்த வேறொருவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

புறப்படும்போது அக்கா ஒரு கொப்பியோடு வந்தார். போனை வேறு யாராவது எடுத்தால், "என் புருஷன் இருக்காரா" என்று அவர்கள் பாஷையில் எப்படிக் கேட்பது என்றார். சொன்னேன், தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டார். இருக்கிறார் என்பதற்கு என்ன சொல்வார்கள் என்று கேட்டு, அதையும் எழுதினார். இல்லை என்பதற்கு என்ன சொல்வார்கள் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.