கொம்பு கொஞ்சம் நிற்கட்டும்

இந்த நாட்டுக் கீபோர்டில் ஒரு விசை இருக்கிறது. தட்டினால் ஒன்றுமே வராது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அதனிடம் மாட்டிக்கொண்டேன். ஜெர்மனியின் வடக்கே, வானம் எந்நேரமும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் ஒரு நகரம். y அடித்தால் z வருகிறது, z அடித்தால் y வருகிறது என்று ஏற்கெனவே எரிச்சலில் இருந்தேன். ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் எழுதும்போது நடுவில் ஒற்றை மேற்கோள் குறி தேவைப்பட்டது. அதுபோலத் தெரிந்த ஒரு விசையைத் தட்டினேன். திரை அசையவில்லை. அடுத்த எழுத்தைத் தட்டினேன், அதையும் காணோம். பக்கத்து மேசையில் இருந்த எங்கள் குழுத் தலைவர் ரெனேயிடம், "இந்த விசை செத்துப்போயிருக்கிறது" என்றேன் ஆங்கிலத்தில். "ஆமாம், செத்ததுதான்" என்றார் அவர், தலையைக்கூடத் தூக்காமல். "அப்படியானால் வேறு கீபோர்டு கொடுங்கள்." "எதற்கு? அதிலும் செத்துத்தான் இருக்கும்." அட, என்ன ஊர் இது, செத்ததை மாற்றக்கூட மாட்டார்களா என்று நினைத்தேன். பிறகு அவரே எழுந்து வந்து தன் பெயரை அடித்துக் காட்டினார். மூன்று எழுத்து அடித்துவிட்டு அந்த விசையைத் தட்டினார், ஒன்றும் வரவில்லை. அடுத்து e தட்டினார். தலைமேல் சாய்கோட்டோடு é வந்து உட்கார்ந்தது. "டோட்டே டாஸ்டே" என்றார். செத்த விசை என்று அர்த்தமாம். அது சாகவில்லை, அடுத்த எழுத்துக்காகக் காத்திருக்கிறது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதைக் கற்றுக்கொள்ள நான் ஜெர்மனிக்கு வந்திருக்கவே வேண்டாம். நீடாமங்கலம் ஸ்டேஷன் பக்கத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் இதை விரல் தேயத் தேயப் படித்தவள் நான். தமிழ் மெஷினில் புள்ளியை அடித்தால் மேலே இருக்கும் உருளை நகராது. புள்ளி தாளில் விழுந்து காத்திருக்கும், பிறகு எழுத்து அதன் கீழே வந்து சேரும். கொம்பும் எழுத்துக்கு முன்னால்தான் விழும். ‘ஜெ’ அடிக்க முதலில் கொம்பு, அப்புறம் ஜ. கையால் எழுதும்போது எந்த வரிசையோ அதே வரிசை. பத்தாவது முடித்த எங்கள் தெருப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கண்ணை மேலே தூக்காமல் அடிப்போம். லோயர் பரீட்சை பாஸ் பண்ணினேன், ஹையரும் பாஸ் பண்ணினேன். இதெல்லாம் விரலுக்குள் போய்விட்டது. இனி யார் சொன்னாலும் வெளியே வராது.

என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என் அம்மா ஜெபமணி. நடவுக்குப் போகிறவள். அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார், இடுப்பு போன பிறகு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். அறுவடை முடிந்த அன்று கூலி நெல்லை உடனே அளந்துவிட மாட்டார்கள். மிராசுதார் சாப்பிட வேண்டும், படுக்க வேண்டும், எழுந்து வந்து வெற்றிலை போட வேண்டும். அதுவரை அம்மா அவர்கள் வீட்டுக் கொல்லைப்பக்கம், மாட்டுக்கொட்டகை ஓரமாக நிற்பாள். முன்வாசல் எங்கள் தெருக்காரர்களுக்குக் கிடையாது. லுத்தரன் கோயிலுக்குப் போனாலும் கிடையாது, போகாவிட்டாலும் கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் பக்கத்தில் போய் நிற்பேன். "ஏம்மா நிக்கிறோம்?" என்று கேட்டால், "சும்மா இருடி, வருவாங்க" என்பாள். அந்த ‘வருவாங்க’ என்ற சொல்லை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

மன்னார்குடியில் கல்லூரி, சென்னையில் ஒரு கம்பெனி, பிறகு கணினி ஆட்கள் வேண்டும் என்று ஜெர்மனி கதவைத் திறந்தபோது இங்கே. தாராளமயம் வந்தது, நாடு மாறியது என்று எல்லோரும் பேசினார்கள். எங்கள் தெருவில் அதற்கு அர்த்தம், ஜெபமணி மகள் எஸ்தர் விமானம் ஏறினாள் என்பதுதான்.

நான் செய்த வேலையை ஊரில் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை, இப்போது முயல்கிறேன். திரையில் நீங்கள் பார்க்கிற பொத்தான், பட்டியல், எழுத்து அடிக்கும் பெட்டி இதையெல்லாம் ஒவ்வொரு மென்பொருளுக்கும் புதிதாகச் செய்ய மாட்டார்கள். செய்து வைத்திருப்பதை எடுத்துப் பொருத்துவார்கள். அந்தச் சாமான்களின் தொகுப்புக்கு டூல்கிட் என்று பெயர். எங்கள் கம்பெனி அதைத்தான் செய்தது. எழுத்துப் பெட்டி என் பொறுப்பு. விசையைத் தட்டியதும் எழுத்து நேராகப் பெட்டிக்குள் போகிறது என்றுதான் நினைக்கிறோம். போகாது. முதலில் இன்புட் மெத்தட் என்ற நடு ஆளிடம் போகும். ‘இது எனக்கு வேண்டாம்’ என்று அவன் சொன்னால் பெட்டிக்குப் போகும். ‘இரு, இன்னும் முடியவில்லை’ என்றால் அவன் கையிலேயே நிற்கும். அப்படி நிற்பதைப் பெட்டி ஓர் அடிக்கோடு போட்டுக் காட்டும். அடுத்த விசை வந்ததும் இரண்டையும் சேர்த்து முழு எழுத்தாக ஒப்படைப்பான், அடிக்கோடு மறையும். சீனாக்காரரும் ஜப்பான்காரரும் ஒரு வாக்கியத்தையே இப்படி நிறுத்திவைத்து அடிக்கிறார்கள். ரெனேயின் é கூட அவன் கைவழியாகத்தான் வருகிறது.

கணினிக்குள் தமிழ் இருக்கும் வரிசை வேறு. அங்கே ஜ முதலில், கொம்பு பிறகு. என் விரலோ கொம்பைத்தான் முதலில் தட்டும். அதனால் வேலை முடிந்த சாயங்காலங்களில் ஒரு சின்ன நிரல் எழுதினேன். கொம்பு வந்தால் அடிக்கோடு போட்டு நிறுத்திவை, ஜ வரட்டும், வந்ததும் வரிசையை மாற்றி உள்ளே அனுப்பு. அது முதல் தடவை ஒழுங்காக வேலை செய்தபோது நாற்காலியை விட்டு எழுந்து குதித்தேன். ரெனே வந்து பார்த்தார். சுவாரசியமாகத்தான் பார்த்தார். பிறகு, "ஆனால் நீ தவறான வரிசையில் அடிக்கிறாய், எஸ்தர்" என்றார். "நாங்கள் கையால் எழுதுவதும் இப்படித்தான்" என்றேன். "இருக்கலாம். மனிதர்கள் சீக்கிரம் பழகிக்கொள்வார்கள்" என்றார். எப்போதும் பழகிக்கொள்ள வேண்டியவர்கள் யார் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் உத்தரவு வந்தது. டூல்கிட்டை இளைக்கச் செய்ய வேண்டும், வாங்குகிறவர்களுக்குச் சின்னதாக வேண்டும். "அந்த நடு ஆளை முழுதாக எடுத்துவிடு. ஒரு விசை, ஓர் எழுத்து, முடிந்தது" என்றார் ரெனே. எடுத்தால் செத்த விசையும் போய்விடும் என்று சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். அவர் காதில் அது விழவே இல்லை, நான் தமிழுக்காகக் கெஞ்சுகிறேன் என்று எடுத்துக்கொண்டார். முகத்தை மென்மையாக வைத்துக்கொண்டு, "வீட்டு ஞாபகம் எனக்குப் புரிகிறது" என்றார். எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. வீட்டு ஞாபகமாவது மண்ணாவது! நான் பேசியது அவருடைய பெட்டியைப் பற்றி. ஆனால் அந்த மாதக் கடைசியில் என் சோதனைக் காலம் முடிகிறது. அவர் ‘சரி’ என்று எழுதினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வேலையும் போகும், விசாவும் போகும், ஊரில் கான்கிரீட் போடாமல் வெறும் சுவராக நிற்கும் எங்கள் வீடு அப்படியே நிற்கும்.

அம்மாவுக்குப் போன் பண்ணினேன். எதிர்வீட்டுக்காரர் கூப்பிட்டுவிட, மூச்சு வாங்க ஓடிவந்தாள். விஷயத்தைச் சொன்னதும் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டி, எடுன்னா எடுத்துட்டுப் போவியா, அத விட்டுட்டு ஒரு பொட்டிக்கு வக்காலத்து வாங்கிக்கிட்டு நிக்கிற. வேல போச்சுன்னா என்னடி பண்ணுவ?"

"வந்து உன் பக்கத்துல உக்காந்துக்குவேன்."

"பேச்சப் பாரு. அவங்க ஊரு, அவங்க சொல்றதுதான். நாமதான் அனுசரிச்சுப் போவணும்."

"மிராசுதாரு வீட்டுக் கொல்லையில அனுசரிச்சது போதாதாம்மா?"

"அது வேற, இது வேற."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"உன்கிட்ட வாய் குடுத்து மீள முடியுமா? நான் ஜெபம் பண்ணிக்கிறேன். நீ கொஞ்சம் நாக்க அடக்கு" என்று வைத்துவிட்டாள். என் மேல் அவளுக்குக் கோபமில்லை, பயம். அந்தப் பயத்தை அவளுக்குள் யார் போட்டார்கள் என்று நினைக்க நினைக்கத்தான் எனக்குப் பிடிவாதம் இறுகியது.

சொன்னபடியே எடுத்துவிட்டேன். ஒரு வரி மிச்சம் வைக்காமல் எடுத்தேன். வெள்ளிக்கிழமை குழு முழுவதும் கூடி நின்றது. புது டூல்கிட்டை முதலில் தொட்டுப் பார்ப்பது தலைவரின் உரிமை. ரெனே உட்கார்ந்தார். முதல் பெட்டி பெயரைக் கேட்டது. அடித்தார். தலையில் கோடு இல்லாமல் மொட்டையாக Rene என்று வந்தது. அழித்தார், மறுபடி அடித்தார், மறுபடியும் மொட்டை. விசையை ஓங்கிக் குத்தினார். கீபோர்டைத் தூக்கிக் கவிழ்த்துத் தட்டினார். "இந்த விசை செத்துவிட்டது" என்றார்.

"ஆமாம், செத்ததுதான்" என்றேன். "அதற்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தவனைத்தான் எடுக்கச் சொன்னீர்கள்."

யாரோ பின்னால் சிரித்துவிட்டார்கள். ரெனேயின் கழுத்து சிவந்தது. ஆனால் ஆள் முட்டாள் இல்லை. சட்டென்று, "சரி, ஐரோப்பிய எழுத்துகளுக்கு மட்டும் திரும்பப் போட்டுவிடு. உன்னுடையது வேண்டாம்" என்றார். இதுவரை நடந்தது விளையாட்டு, இதுதான் விஷயம் என்று தெரிந்தது. கான்கிரீட் இல்லாத சுவர் கண்ணுக்கு முன்னால் வந்து போனது. நாக்கை அடக்கு என்று அம்மா சொன்னதும் காதில் கேட்டது. அடக்கவில்லை.

"உங்கள் é காத்திருப்பதும் என் கொம்பு காத்திருப்பதும் ஒரே வாசலில்தான்" என்றேன். "உங்களுக்கு முன்வாசல், எனக்குக் கொல்லைப்புறம் என்று நான் கட்டித்தர மாட்டேன். வைத்தால் எல்லோருக்கும் வைப்பேன். வேண்டாமென்றால் இப்படியே விற்றுக்கொள்ளுங்கள், என் சோதனைக் காலத்துக்கு என்ன எழுத வேண்டுமோ எழுதிக்கொள்ளுங்கள்." கொல்லை, முன்வாசல் என்பதெல்லாம் அவருக்கு என்ன புரிந்திருக்கும்? ஒன்றும் புரிந்திருக்காது. "கொல்லைப்புறமா? எங்கள் அலுவலகத்தில் பின்கதவே இல்லையே" என்றார். "அதைத்தான் நானும் சொல்கிறேன்" என்றேன்.

திங்கட்கிழமை ஒரு வரி அனுப்பினார், நடு ஆள் இருக்கட்டும், முழுதாக இருக்கட்டும் என்று. மாதக் கடைசியில் ‘சரி’ என்றும் எழுதினார். கைகுலுக்கும்போது, "உங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் இப்படித்தானா?" என்று கேட்டார். "சிலர் இன்னும் மோசம்" என்றேன். அன்றைக்குத்தான் நாங்கள் இருவரும் ஒரே விஷயத்துக்குச் சேர்ந்து சிரித்தோம்.

அடுத்த விடுமுறைக்கு வந்தபோது அம்மா தஞ்சாவூர் வரைக்கும் கார் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். திரும்பும் வழியில் நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. அது எப்போது திறந்திருந்தது? நெல் மூட்டை ஏற்றிய கூட்ஸ் வண்டி முன்னே போகிறது, பின்னே வருகிறது. பஸ், லாரி, பள்ளிக்கூட வேன் எல்லாம் வெயிலில் நின்றன. "என்னமோ பொட்டி பொட்டின்னு சண்ட போட்டியே, அதக் காட்டுடி" என்றாள் அம்மா. மடியில் லேப்டாப்பைத் திறந்தேன். ஜெர்மன் கீபோர்டு, எங்கள் கம்பெனிப் பெட்டி. அன்று காலை, அம்மா வந்து சேரும்வரை தஞ்சாவூர் பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து, y வேண்டிய இடத்திலெல்லாம் z அடித்து, "என்ன மேடம், டைப்பிங் தெரியாதா?" என்று கேட்க வைத்துவிட்டேன். அங்கே போனால் விரல் கொம்பைத் தேடுகிறது, இங்கே வந்தால் ஜெர்மன் y-ஐத் தேடுகிறது. இரண்டு ஊருக்கும் தவறாக அடிக்கிறவளாகிவிட்டேன், இருக்கட்டும்.

அம்மாவின் பெயரை அடிக்கலாம் என்று முதல் விசையைத் தட்டினேன். பெட்டியில் ஒற்றைக் கொம்பு வந்து, அடியில் ஒரு கோட்டோடு நின்றது. அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தாள். பைபிள் படிக்கிற கண், எழுத்தை உடனே பிடித்துவிட்டது.

"என்னடி, கொம்பு மட்டும் நிக்குது? ரிப்பேரா?"

"இல்லம்மா. நாம அடுத்த எழுத்த அடிக்கிற வரைக்கும் காத்துக்கிட்டு நிக்குது."

"நமக்காகவா?"

"நமக்காகத்தான்."

நான் ஜ மேல் விரலை வைத்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இரு, இரு. அவசரப்படாத" என்றாள். "கொஞ்ச நேரம் நிக்கட்டும்."